மருந்து ஊத்தின மந்தையில் எந்தப் புழு ஜெயிக்கும்?

இன்னைக்கு நாம ஒரு செம்மறி ஆட்டோட வயித்துக்குள்ள நடக்கிற போட்டியைப் பத்திப் பேசப் போறோம்.

ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ்னு ஒரு புழு. ஆட்டோட நாலாவது இரைப்பையில ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். பெண் புழு ஒண்ணு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அது புழுக்கையோட வெளியே வந்து, பொரிச்சு, புல்லில் ஏறும். ஆடு மேயும்போது மறுபடியும் வயித்துக்குள்ள.

1961-ல் தயாபெண்டசோல் மருந்து வந்தது. 1964-லேயே அதுக்குச் சாகாத புழுக்களைப் பத்தி ஆய்வுக் கட்டுரை வந்துடுச்சு. இந்த மருந்து புழுவோட பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பிடிக்கும். அந்தப் புரதத்தில் 200-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், பிடி நழுவிடும்.

மருந்து இல்லாத காலத்தில் இந்த மாறின புழுவுக்குத் தனி லாபம் இல்லை. அது அபூர்வம். அதனால சாதாரணப் புழுவோடதான் ஜோடி சேரும். பெரும்பாலும் அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி மருந்தைத் தாங்கும்.

மந்தை முழுக்க ஒரே நாளில் மருந்து ஊத்தினா கணக்கு தலைகீழாகுது. சாதாரணப் புழுக்கள் செத்துடும். புதுசா உள்ளே போற லார்வா வளர்ந்து முட்டை போட ஏறக்குறைய மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் புல்லுக்குப் போற முட்டையெல்லாம் தப்பிச்ச புழுவோடது! மருந்து ஊத்தின கையோட சுத்தமான மேய்ச்சலுக்கு மாத்தினா இன்னும் மோசம். அங்கே போட்டிக்குப் பழைய லார்வாவே இருக்காது. முன்னாடி இதைத்தான் நல்ல வழக்கம்னு சொல்லிக் கொடுத்தாங்க.

அதனால்தான் இப்போ சில ஆடுகளை வேணும்னே மருந்து ஊத்தாம விடச் சொல்றாங்க. எதை விடுறது? தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினாங்க. ஆட்டோட கீழ் இமையை விலக்கி, உள் நிறத்தை அட்டையோட ஒப்பிடணும். சிவப்பா இருந்தா 1, ரத்தம் வத்தி வெளுத்திருந்தா 5. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. மந்தையில் கொஞ்ச ஆடுகள்தான் பெரும்பாலான புழுக்களைச் சுமக்கும் என்பதால் இது எடுபடுது.

ஒண்ணு ஞாபகம் வைங்க: இந்தப் புழு ரத்தம் குடிக்கிறதாலதான் இமை வெளுக்குது. ரத்தம் குடிக்காத குடற்புழுக்களுக்கு இந்த அட்டை உதவாது.