தலைசுற்றினால் காதைப் பார்ப்பானேன்?



தோட்டத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மா நெடுங்காலம் பால்மரம் சீவியவர். ஒருநாள் விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பலாம் என்று படுக்கையில் புரண்டு எழுந்தவருக்கு வீடே ராட்டினம் போலச் சுழன்றது. வாந்தி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். "பித்தம்" என்றார் ஒருவர். "இரத்தம் கம்மி" என்றார் இன்னொருவர். "இது பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு" என்று ஒருவர் சொன்னதும் வீட்டில் அழுகையே வந்துவிட்டது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் கணவர் செம்பனை ஆலையின் எஞ்சின் அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். வீட்டில் தொலைக்காட்சியை லயமே அதிரும்படி வைப்பார். பேரப்பிள்ளை கூப்பிட்டால் திரும்பமாட்டார். "தாத்தாவுக்கு எல்லாம் கேட்கும், வேண்டுமென்றே கேட்காதது போல் இருக்கிறார்" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அவரை யாரும் எந்த கிளினிக்குக்கும் அழைத்துப் போனதில்லை.

இருவருக்கும் கோளாறு காதில்தான். அம்மாவுக்கு வந்தது கால் மணி நேர வைத்தியத்தில் தீரக்கூடியது. ஐயாவுக்கு வந்ததோ திரும்பாதது. நாம் பதற வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிட்டோம்.

காது கேட்பதற்கு மட்டும் என்று எண்ணுகிறோம். உட்செவியில் இரண்டு கருவிகள் ஒட்டியபடி இருக்கின்றன. ஒன்று நத்தைக்கூடு போலச் சுருண்டது, அது கேட்பதற்கு. மற்றொன்றில் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றின் அடியில் இரண்டு சிறு பைகளும் உண்டு. இது உடம்பு சாயாமல் நிற்பதற்கு. குழாய்களுக்குள் நீர் இருக்கிறது. தலை திரும்பினால் அந்த நீர் அசைந்து மூளைக்குச் சேதி சொல்லும். பைகளில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. சிப்பி ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான்.

இனி மருத்துவர் என்ன செய்வார் என்று பார்ப்போம். முதலில் கேள்விதான். நாம் "மயக்கம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். எழுந்து நின்றதும் கண் இருண்டு வருவது ஒன்று. அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் பற்றியது. பசியில் கைகால் நடுங்கிக் கிறுகிறுப்பது ஒன்று. சுற்றியுள்ள பொருள்கள் உண்மையாகவே சுழல்வதுபோல் தெரிவது வேறொன்று. இந்த மூன்றாவதுதான் காதைச் சந்தேகிக்க வைக்கிறது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்போது காதில் இரைச்சல் உண்டா என்று சொல்லத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

அந்த அம்மாவுக்குப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் சுற்றும். ஒரு நிமிடத்திற்குள் நின்றுவிடும். காது நன்றாகவே கேட்டது. மருத்துவர் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டிலின் ஓரத்தில் சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொண்டு கண்களையே பார்த்தார். கருவிழிகள் தாமாகத் துடித்துச் சுழன்றன. இந்தச் சோதனையை 1952இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள்.

காதுக் கோளாறு கண்ணில் தெரிவது வேடிக்கையாக இருக்கிறதல்லவா? வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது இதைக் கவனித்தார். நீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றி விழிகள் ஒரு திசையில் ஓடின. நீர் சூடாக இருந்தால் எதிர்த் திசையில் ஓடின. வேறொருவர் நீரின் சூட்டைச் சரிசெய்துகொண்டு அத்தோடு விட்டிருப்பார். இவர் காரணம் தேடினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தச் சேதி வந்தபோது அவர் ருஷ்யாவில் போர்க்கைதி!

அம்மாவின் கோளாறு இதுதான்: பையில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் சில கழன்று குழாய்க்குள் போய்விட்டன. தலை அசையும்போது அவையும் உருண்டு நீரைக் கலக்குகின்றன. இதற்கு வைத்தியம், தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் ஒரு நிமிடம் நிறுத்தி, துகள்களை வந்த வழியே வெளியே உருட்டிவிடுவது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த முறை இது. 1992இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் பரவியது. ஓரிரு முறையிலேயே பலருக்குக் குணமாகிறது. சில மாதம், வருடம் கழித்து மீண்டும் வரலாம். வந்தால் மீண்டும் செய்யலாம். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் இதை வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. தலைசுற்றல் மாத்திரை வாந்தியை அடக்கும், துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் அதை விழுங்கினால் மூளை தானாகச் சமன் செய்துகொள்வதும் தாமதமாகும்.

எல்லாச் சுழற்சியும் இப்படி எளிதல்ல. மணிக்கணக்கில் சுழன்று, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து வருவது மெனியர் நோயாக இருக்கலாம். அதற்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், மருந்தும் உண்டு. தலைசுற்றலோடு முகம் கோணினால், நாக்குக் குழறினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கை கால் சோர்ந்தால், நிற்கவே முடியாமல் போனால், அது மூளை இரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அதுபோலவே, முந்தின நாள் கேட்ட காது மறுநாள் திடீரென்று கேட்காமல் போனால் அழுக்கு என்று எண்ணி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே போனால் மருந்தால் மீட்க வாய்ப்புண்டு; வாரங்கள் கடந்தால் குறைந்துவிடும். எண்ணெய், கோழி இறகு, கொண்டை ஊசி ஆகியவற்றுக்குக் காதில் எப்போதுமே வேலையில்லை.

இனி ஐயாவிடம் வருவோம். அம்மாவைப் பார்த்த மருத்துவர் அவரையும் உட்காரவைத்தார். இசைக்கவையைத் தட்டி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்தார். பிறகு காதுக்கு முன் பிடித்தார். எங்கே பலமாகக் கேட்கிறது என்று கேட்டார். எலும்பில் பலமாகக் கேட்டால் தடை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கலாம்: அழுக்கு, சீழ், செவிப்பறையில் ஓட்டை. இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஐயாவுக்குக் காதுக்கு முன்தான் பலமாகக் கேட்டது. பிறகு சத்தம் புகாத அறையில், காதுக் கருவியை மாட்டி, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்திருந்தது. பேரிரைச்சலில் உழைத்த காதின் அடையாளம் அது.

நத்தைக்கூட்டில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. இரைச்சலில் செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. கீச்சொலியைக் கேட்பவையே முதலில் சாகும். ஆகவே, லாரிச் சத்தம் கேட்கும், தண்டல் போடும் அதட்டல் கேட்கும். பெண்கள், பிள்ளைகள் பேசும் சொற்கள் மட்டும் விளங்கா. வீட்டார் இதைத்தான் வீம்பு என்று எண்ணினார்கள்.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது எல்லை. 88இல் அது நான்கு மணி நேரமே. புல்வெட்டும் இயந்திரம் இதைத் தாண்டிவிடும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகளின்படி, எல்லைக்கு மேல் இரைச்சலில் வேலை செய்பவருக்குக் காதுக் காப்பு தருவதும் ஆண்டுதோறும் கேட்கும் திறனைச் சோதிப்பதும் முதலாளியின் கடமை. கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெர்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. வேலை செய்த இடம், ஆண்டுகள், சோதனைத் தாள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்து விண்ணப்பிக்கலாம்.

ஐயாவுக்குக் காதொலிக் கருவி பொருத்தினார்கள். இரண்டாம் நாளே கழற்றி மேசையில் வைத்துவிட்டார். பாத்திரச் சத்தமும் மின்விசிறியும் மண்டையைப் பிளக்கிறதாம்! இது எல்லோருக்கும் நேர்வதுதான். பல ஆண்டு கேளாத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழகச் சில வாரங்கள் வேண்டும். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி, இரண்டு மணி என்று மாட்டிப் பழக வேண்டும். பேசுகிறவர்களும் கத்தாமல், முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். இப்போது பேரப்பிள்ளை முன்னால் வந்து நின்றுதான் தாத்தாவைக் கூப்பிடுகிறான்.