வாயில்லா உயிர்களும் வழக்கு மன்றமும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் நிற்கின்றன. சோலைக் காடுகளிலிருந்து காட்டுமாடுகள் சில வேளைகளில் நகரத் தெருக்களுக்கே வந்துவிடுகின்றன. மலையடிவாரத்துச் சிற்றூர்களில் சல்லிக்கட்டுக் காளைகள் வளர்கின்றன. பழனி மலையைச் சார்ந்து வாழும் இம்மூன்று விலங்குகளையும் சட்டம் ஒரே கண்ணால் நோக்குகின்றதா? இதனை மாணவ நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் காட்டுமாடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தன் முதல் அட்டவணையில் வைத்துள்ளது. அதை வேட்டையாடுவோருக்கு 3 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தது.

குதிரையின் நிலை வேறு. அதற்குத் துணை 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொணர்ந்த மசோதாவே அச்சட்டத்துக்கு வித்திட்டது. விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணுதல் கடமை என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. புண்பட்ட குதிரையை வேலை வாங்குவதும், அளவு மீறிச் சுமை ஏற்றுவதும் குற்றங்களே. ஆயினும், முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்! காட்டில் வாழும் உயிருக்குக் கிடைத்த அரண், நம் அருகில் உழைக்கும் உயிருக்குக் கிடைக்கவில்லை.

இனிக் காளை. ருக்மிணி தேவி முதல் தலைவராக விளங்கிய பிராணிகள் நல வாரியமே காளைகளின் சார்பில் வழக்காடியது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. தண்டனையைக் கடுமையாக்குமாறு நாடாளுமன்றத்தையும் வேண்டிற்று. 2017இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது; விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டென முன்தீர்ப்பு எதுவும் இல்லை என்றும் கூறிற்று.

அமெரிக்காவிலும் இதே வினா எழுந்தது. நியூயார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்த ‘ஹேப்பி’ என்னும் யானையை விடுவிக்க ஆட்கொணர்வு மனுத் தொடுத்தனர். யானை ‘ஆள்’ ஆகுமா? ஆகாது என்றே 2022இல் அம்மாநில உயர்ந்த மன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், இருவர் மாறுபட்டனர்.

விலங்குக்கு உரிமை உண்டா என்னும் வழக்கு இன்னும் நெடுநாள் நடக்கலாம். நமக்குக் கடமை உண்டு என்பதிலோ ஐயமில்லை. உயிர்களிடத்துப் பரிவு கொள்ளுதலைக் குடிமக்கள் கடமையென நம் அரசியல் சாசனமே விதித்திருக்கிறது. சவாரி ஏறுமுன் குதிரையின் முதுகில் புண் இருக்கிறதா என்று நோக்குங்கள், இருந்தால் ஏறாதீர்கள். அபராதம் சிறிதாயிருக்கும் இடத்தில் பரிவு பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.