தோப்பில் இடம் இருக்கிறது, நாயோடு இருக்க ஆள் இருக்கிறதா?

உத்திரமேரூரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால், ஏரிப்பாசன வயல்களுக்கு நடுவே ஒரு மாந்தோப்பு. போன கோடையில் அங்கே போயிருந்தேன். கேட்டைத் திறந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு வட்டம் கண்ணில் பட்டது. புல் பூண்டு இல்லாமல், களிமண் பளபளக்கும் அளவுக்குத் தேய்ந்த தரை. சங்கிலி எட்டும் தூரம்தான் அந்த வட்டத்தின் எல்லை. உள்ளே ஒரு ராட்வீலர் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சோற்றுத் தட்டை எல்லைக்கு வெளியே வைத்துவிட்டு, மாங்காய் பறிக்கும் துரட்டிக்கோலால் உள்ளே தள்ளிவிட்டார்.

"கிட்ட போவ முடியுமா சார்? ஓனர் வந்தாத்தான் அவுப்பாரு. மாசத்துல ரெண்டு வாட்டி வருவாரு" என்றார்.

உரிமையாளர் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். குட்டியாக வாங்கினார். ஒரு வயதில் அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். "ஊர்ப்பக்கம்தான் இடம் கிடக்கே, அங்க சந்தோஷமா இருக்கும்" என்று கொண்டுவந்து விட்டார். கெட்ட மனிதர் இல்லை, நாய் மேல் பாசம் உள்ளவர்தான். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் தவறு இருக்கிறது. ராட்வீலர், பிட்புல், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாய்களுக்கு இடத்தைவிட ஆள்தான் முக்கியம். அன்றாடம் கூட நடக்க, பழக்க, பிடித்து நிறுத்த ஒரு ஆள் இல்லாத ஐந்து ஏக்கர் தோப்பும் அதற்கு ஒரு கூண்டுதான்.

இது நாயின் துயரத்தோடு நின்றுவிடுவதில்லை. 2024 மே 5ஆம் தேதி இரவு, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், பூங்காக் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. தலையில் பலத்த காயம். உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாஃபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். தடுக்க முயன்ற உரிமையாளரும் காயமடைந்தார். சொந்த நாயைச் சொந்தக்காரராலேயே அடக்க முடியவில்லை என்பதைக் குட்டி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்துபேசவில்லை என்று ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் இனிப் புதிய உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. அந்த முடிவில் எனக்கு ஒரு கவலை உண்டு. நகரம் கதவைச் சாத்தினால் அந்த நாய்கள் எங்கே வரும்? உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துத் தோப்புகளுக்குத்தானே? "யாருக்காவது குடுத்துடலாம்" என்று விலையில்லாமல் ஒரு பெரிய நாய் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், வாங்குவதற்கு முன் அதிகமாகவே விசாரியுங்கள்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு விசாரிப்பது புதிதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபை வாரியத்துக்கு ஆள் எடுக்க, கால் வேலி வரி நிலம் உண்டா, சொந்த மனையில் வீடு உண்டா, வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கிறதா, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் குடத்தில் ஓலையே போட்டார்கள். நாய் விஷயத்தில் நாம் நாயின் வம்சத்தை விசாரிக்கிறோம், நம் வீட்டை விசாரிப்பதில்லை.

முதலில், நாயைப் பிடிக்கப்போவது யார்? ஜெர்மனியில் மாட்டு மந்தை ஓட்டவும் கறிக்கடை வண்டி இழுக்கவும் வளர்த்த இனம் ராட்வீலர். வளர்ந்த ஆண் நாய் 50 கிலோவை எட்டும், தாண்டவும் செய்யும். பகலில் வீட்டில் இருக்கும் பெண்மணியும் 50 கிலோ என்றால் பெல்ட்டின் இரண்டு முனையிலும் ஒரே எடை, இழுக்கும் பலம் நாயின் பக்கம். கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஷிப்டுக்குப் போகும் பையன் ஆசைப்பட்டு வாங்குகிறான், பார்த்துக்கொள்வது வீட்டில் இருக்கும் பாட்டி. இப்படி எத்தனை வீடுகள்! ஒன்று செய்யுங்கள். குட்டி வாங்கும் முன் ஒரு மாதம், நாய் இல்லாமலே, விடியற்காலை 45 நிமிடம், சாயங்காலம் 45 நிமிடம் நடந்து பாருங்கள். மழையிலும், நைட் ஷிப்டு முடிந்த காலையிலும். இடையில் விட்டுப்போனால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது, வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள்? கிராமத்து வீட்டுக்கு வாசல் சாத்துகிற வழக்கம் இல்லை. பால்காரர் வருவார், நடவுக்கு ஆட்கள் வருவார்கள், பந்து எடுக்கப் பிள்ளைகள் திண்ணை வரைக்கும் ஓடிவரும், பக்கத்து வீட்டு ஆடு வேலியில் தலையை விடும். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அதையெல்லாம் உலகம் என்று ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் கூண்டிலேயே கிடந்த நாய்க்கு, தலையில் புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண் மனிதராகவே தெரியமாட்டாள். தடுப்பூசி முழுக்க முடியாத குட்டியைத் தெரு மண்ணில் விட்டால் பார்வோ வைரஸ் தொற்றும், உண்மைதான். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாமே. டிராக்டர், குடை, பள்ளிக்கூட யூனிபார்ம், கோயில் மேளம் எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள் அதற்குப் பழகிவிட வேண்டும்.

செலவையும் கணக்குப் பாருங்கள். அந்த அளவு நாய்க்கு நாளொன்றுக்கு அரை கிலோ உலர்தீனியாவது வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் சாதாரணம். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போடலாம், பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும்.

சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கம்: வேண்டாம். சித்திரை வெயிலில், கரண்டு போன மதியத்தில் அவை படும் பாட்டைப் பார்க்க முடியாது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும், நம் வெப்பத்துக்கு ஒத்துவராது என்று இந்த இரண்டும் பக் நாயும் உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யத் தடை சொல்கிறது.

"அப்போ நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை?" என்பார்கள். வெயில் தாங்கும், பெருமையான இனங்கள். ஆனால் நாட்டு இனம் என்பதால் சுலபம் என்று நினைக்கக் கூடாது. ராஜபாளையம் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு அந்நியரை ஏற்காத நாய், வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமையும் உண்டு, கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிப்பாறை ஓடுவதைத் துரத்தவே பிறந்தது. கோழியும் ஆட்டுக்குட்டியும் திரியும் தெருவில் அதைக் கட்டவிழ்த்துவிட்டால் நஷ்டஈடு நீங்கள்தான் தர வேண்டும். முயலடிக்கக் கூட்டிப்போனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு. காவலுக்குக் குரைக்க ஒரு துணை போதும் என்றால், தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி, கருத்தடை செய்து வளர்ப்பதையே நான் சொல்வேன்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், தாயை நேரில் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் அட்டைப் பெட்டியில் கைமாறும் குட்டிக்குப் பதிவும் கிடையாது, பில்லும் கிடையாது. பில்லும் தடுப்பூசி அட்டையும் கையில் இருந்தால், நோயை மறைத்து விற்றவர் மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் வழி உண்டு. ஆபத்து வரும் என்று தெரிந்தும் நாயைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்தான விலங்கை அடைத்து வைக்க உத்தரவிடும்படி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நாயை அடிப்பதோ விஷம் வைப்பதோ வழியில்லை, அது உங்கள் மேல்தான் வழக்காகும்.

கடித்துவிட்டால், எவ்வளவு நல்ல வீட்டு நாயாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேர்த்துக் கேளுங்கள். ஊசி அட்டையில் எழுதிய ஒரு தேதியையும் தவறவிடக் கூடாது.

நாள் முழுக்கக் குறுகிய சங்கிலியில் கட்டிப்போடுவதும், வளர்த்த நாயைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் முறை அபராதம் இன்றைக்கும் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு.

மாந்தோப்பு உரிமையாளரிடம் இதையெல்லாம் போனில் பேசினேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் மறுபடி அவரே கூப்பிட்டார். இப்போது சங்கிலி இல்லை. ஆள் உயரக் கம்பிவலையில் நீளமான அடைப்பும், உள்ளே ஓலைக் கொட்டகையும் இருக்கின்றன. தட்டு வைக்கத் தனியாக ஒரு சின்னக் கதவு. வாரத்தில் மூன்று நாள் அவரே வந்து, வாய்மூடி போட்டு வரப்பில் நடத்துகிறார். தோப்பு அம்மாவின் மகனும் கூட நடந்து பழகுகிறான். அந்த அம்மா இன்னும் நாயின் கிட்டே போவதில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. துரட்டிக்கோல் மறுபடி மாங்காய்க்குப் போய்விட்டது.