மொட்டை மாடி வெப்பமும் எக்ஸெல் கணக்கும்

நான் வசிக்கும் அஸ்தினாபுரத்தில் பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறையில்தான். அதற்கு மேலே மொட்டை மாடி. வெயில் தாழ்ந்த பிறகும் கூரையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். இது நமக்கு மட்டும் தொல்லை அல்ல. யு.பி.எஸ். பேட்டரிக்கு ஏற்ற வெப்பநிலை 25 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கூரைக்கு இன்சுலேஷன் போடலாம் என்று கடைக்குப் போனால் தெர்மோகோல், எக்ஸ்.பி.எஸ். பலகை, பஃப் பலகை என்று மூன்றைக் காட்டுவார்கள். எதை, எவ்வளவு தடிமனில் வாங்குவது? எக்ஸெல் கொண்டு நாமே கணக்கிட்டு விடலாம்.

கணக்கு போடும் முறை

புதிய ஷீட்டைத் திறந்து நான்கு தலைப்புகள் கொடுங்கள்: பொருள், தடிமன் (மீட்டரில்), வெப்பக் கடத்தல் எண், வெப்பத் தடை. தடிமனைக் கடத்தல் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே வெப்பத் தடை.

காங்கிரீட் தளம்: 0.125, 1.58. தடை 0.08.
செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம்: 0.10, 0.73. தடை 0.14.
அறைக்குள் கூரையை ஒட்டிய காற்று: தடை 0.17.

மூன்றையும் கூட்டினால் 0.39. கூரைப் பரப்பை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, இந்தத் தொகையால் வகுத்தால் உள்ளே இறங்கும் வெப்பம் வாட் கணக்கில் கிடைக்கும். அறை 10 சதுர மீட்டர், உச்சி வெயிலில் மாடித் தரை 60 டிகிரி, அறை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விடை ஏறக்குறைய 780 வாட். ஐந்தாறு கம்ப்யூட்டர்களை ஒரே அறையில் ஓட்டுவதற்குச் சமம்!

இது தோராயக் கணக்குதான். பகலில் தேங்கிய வெப்பத்தைக் காங்கிரீட் இரவில் வெளிவிடுவதை இது காட்டாது. ஆனால் பொருள்களை ஒப்பிட இது போதும்.

முதல் அங்குலமே முக்கியம்

இப்போது 5 செ.மீ. பலகை ஒன்றை நான்காவது வரியில் சேருங்கள். தெர்மோகோலின் கடத்தல் எண் சுமார் 0.037, எக்ஸ்.பி.எஸ். 0.030, பஃப் 0.025. வெப்பம் முறையே 173, 146, 126 வாட் ஆகக் குறைகிறது. விலையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் பலனில் வித்தியாசம் 50 வாட் கூட இல்லை.

அடுத்து எக்ஸ்.பி.எஸ். தடிமனை மட்டும் மாற்றிப் பாருங்கள். 2.5 செ.மீ. போட்டால் 246 வாட், 5 செ.மீ. போட்டால் 146, 10 செ.மீ. போட்டால் 81. முதல் அங்குலம் 500 வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது அங்குலம் 100 வாட்தான். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதி, வீட்டுக் கூரையின் வெப்பக் கடத்தலுக்கு 1.2 என்ற உச்சவரம்பை வைத்துள்ளது. நம் கூரை 2.3. ஓர் அங்குலப் பலகை சேர்த்தாலே அது 0.8 ஆகிவிடும்.

ஈரமும் எடையும்

அப்படியானால் மலிவான தெர்மோகோலே போதுமே என்று நினைப்பீர்கள். எக்ஸெல் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தெர்மோகோல் மணிகளுக்கு இடையே தண்ணீர் புகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் அதன் கடத்தல் எண் கூடிவிடும். எக்ஸ்.பி.எஸ். பலகையில் அறைகள் மூடியே இருப்பதால் தண்ணீர் எளிதில் புகாது. எடையையும் நன்றாகத் தாங்கும்.

கனடா போன்ற குளிர்நாடுகளில் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அங்கே அடித்தளத்துக் காங்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதித்துத் தரையைச் சூடாக்குவதுண்டு. அந்தச் சூடு மண்ணுக்குள் இறங்கி வீணாகாமல் இருக்க அடியில் எக்ஸ்.பி.எஸ். பலகை விரிப்பார்கள். அங்கும் பார்ப்பது இதே இரண்டைத்தான்: மண்ணின் ஈரம், மேலே உள்ள எடை.

மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவை

பலகையை அறைக்குள் ஒட்டுவதைவிட மொட்டை மாடியில் போடுவதே நல்லது. அப்போதுதான் காங்கிரீட் சூடேறாது. முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பலகை, பிறகு மெல்லிய காங்கிரீட், கடைசியில் வெள்ளை டைல்ஸ். தண்ணீர் வடியும் வாட்டம் மாறக்கூடாது. பலகை எடையே இல்லாதது போல் இருக்கும். ஆனால் மேலே போடும் 5 செ.மீ. காங்கிரீட் சதுர மீட்டருக்கு 120 கிலோ வரை வரும். பழைய வீடாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இப்போதைக்குப் பணம் இல்லையா? ஷீட்டில் 60 டிகிரியை 45 என்று மாற்றுங்கள். வெப்பம் பாதியாகும். மாடித் தரைக்கு வெள்ளை அடித்தால் இந்த அளவு குறைய வாய்ப்பு உண்டு. தூசும் பாசியும் படிந்தால் பலன் போய்விடும் என்பதால், ஒவ்வொரு கோடைக்கும் முன்பாகத் தேய்த்துக் கழுவி மறுபடி அடியுங்கள்.