மாற்றியமைத்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் தனிநபர் விற்பனை (பிரித்தானியா)

மாற்றியமைத்த காரின் தனிநபர் விற்பனை என்பது, இயந்திரம், டர்போ, சஸ்பென்ஷன், புகைபோக்கி முதலியவை மாற்றப்பட்ட காரை உரிமையாளர் வணிகரின் துணையின்றி மற்றொருவருக்கு நேரடியாக விற்பதாகும். பிரித்தானியாவில் நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7, சுபாரு இம்ப்ரெசா போன்ற கார்கள் பெரும்பாலும் இவ்வாறு கைமாறுகின்றன.

பின்னணி

ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. எனவே ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக் கார்களை ஸ்டீயரிங்கை இடம் மாற்றாமலேயே பிரித்தானியாவில் ஓட்டலாம். 1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, விளம்பரப்படுத்தும் ஆற்றலை 280 குதிரைத்திறனுக்குள் வைத்திருந்தன. ஆனால் சில இயந்திரங்கள் அதைவிட அதிக ஆற்றலைத் தாங்கும் வலுவுடன் வடிவமைக்கப்பட்டிருந்தன. ஸ்கைலைன் ஜிடி-ஆரின் 2.6 லிட்டர் ஆர்பி26 இயந்திரமும், சுப்ராவின் 3 லிட்டர் 2ஜேஇசட் இயந்திரமும் அத்தகையவை. இக்கார்கள் அதிகம் மாற்றியமைக்கப்பட்டதற்கு இது முதன்மைக் காரணமாகும்.

விலையைத் தீர்மானிப்பவை

மாற்றங்களுக்குச் செலவிட்ட தொகை விற்பனை விலையில் முழுமையாகத் திரும்புவது அரிது. ஒருவரின் விருப்பத்திற்கேற்ப அமைந்த கார் மற்றவருக்குப் பிடிக்காமல் போகலாம். கழற்றிய அசல் பாகங்கள் பத்திரமாக இருந்தால் மதிப்பு கூடும். பழைய நிலைக்கு எளிதில் மாற்றக்கூடிய காரில், சேர்த்த பாகங்களைத் தனியே விற்பதும் இலாபகரமாக இருக்கலாம்.

பட்டறை ரசீதுகள், ஆற்றலை அளந்த டைனமோமீட்டர் பதிவு, ஜப்பானிய ஏலத் தாள் ஆகியவை வாங்குபவரின் ஐயத்தைப் போக்குகின்றன. ஏலத் தாளில் 'ஆர்' என்னும் தரம், விபத்துக்குப் பின் பழுதுபார்க்கப்பட்ட காரைக் குறிக்கும். ஆர்எக்ஸ்-7இன் சுழல் இயந்திரத்திற்குச் சாதாரண அழுத்தமானி போதாது; ஒவ்வொரு சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்கும் கருவி தேவை. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு துருவை உண்டாக்குவதால், காரின் அடிப்பகுதியும் கவனமாகப் பார்க்கப்படுகிறது.

சட்டநிலை

2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகரிடம் வாங்கும்போது தரும் தரப் பாதுகாப்பு, தனிநபர் விற்பனைக்குப் பொருந்தாது. எனினும் விற்பவருக்கு அந்தக் காரை விற்கும் உரிமை இருக்க வேண்டும். கார் அதன் விவரிப்புடன் ஒத்திருக்க வேண்டும். பொய்யான கூற்றை நம்பி வாங்கியவர், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 தவறான கூற்றுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம். 'பார்த்த நிலையிலேயே விற்கப்பட்டது' என்று ரசீதில் எழுதுவது பொய்க் கூற்றிலிருந்து விற்பவரைக் காப்பதில்லை. ஆகவே, அளந்து பார்க்காத ஆற்றலை விளம்பரத்தில் உறுதியாகக் குறிப்பிடுவது ஆபத்தானது.

சாலைக்குத் தகுதியற்ற காரை விற்பது 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். சீர்செய்யும் வரை அது சாலையில் ஓட்டப்படாது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் விலக்கு உண்டு. தயாரிப்பின்போது பொருத்தப்பட்ட வினையூக்கி மாற்றி அகற்றப்பட்ட கார், ஆண்டுச் சோதனையான எம்ஓடியில் தேறாது.

சோதனை ஓட்டமும் பணமும்

வாங்க வருபவர் ஓட்டுவதற்கு முன் அவரது உரிமத்தையும் காப்பீட்டையும் சரிபார்க்க வேண்டும். அவருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே இருந்தால், விற்பவரின் காருக்கு நேரும் சேதத்திற்கு ஈடு கிடைக்காது. பணம் வந்துவிட்டதை விற்பவர் தம் வங்கிக் கணக்கிலேயே பார்த்து உறுதிசெய்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தம் கைப்பேசியில் காட்டும் செய்தி சான்றாகாது. மாற்றங்களின் முழுப் பட்டியலை முன்னரே கொடுத்தால், வாங்குபவர் அவற்றைத் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துக் கட்டணத்தை அறிந்துகொள்ள முடியும்.

ஒப்படைப்பு

வி5சி எனப்படும் பதிவுப் புத்தகம் காரின் பதிவுபெற்ற பொறுப்பாளரைக் காட்டுமே தவிர, உரிமைக்குச் சான்றாகாது. எனவே இருவரும் கையொப்பமிட்ட ரசீது அவசியம். புதிய பொறுப்பாளருக்கான துண்டுச் சீட்டை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, விற்பனையை வாகன உரிம முகமையான டிவிஎல்ஏவிடம் உடனே தெரிவிக்க வேண்டும். தவறினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். சாலை வரி காருடன் கைமாறுவதில்லை. மீதமுள்ள முழு மாதங்களுக்கான வரி விற்பவருக்குத் திருப்பித் தரப்படும். வாங்குபவர் காரை ஓட்டுவதற்கு முன் புதிதாக வரி செலுத்த வேண்டும்.