கொண்டைக்கடலையும் பிரஷர் குக்கரும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“கடலையைப் போட்டு மூடினால் விசில் வரும், இறக்கிவிடலாம். இதில் எழுத என்ன இருக்கிறது?” என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அன்று அம்மா ஒரு துக்கத்திற்காகக் கும்பகோணம் சென்றிருந்தார்கள். இரவுக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, ஊறிய கடலையோடு புளிக்கரைசலையும் ஊற்றி, குக்கரின் கழுத்துவரை நிரப்பி அடுப்பில் ஏற்றினேன். நெடுநேரமாகியும் விசில் வரவில்லை. திறந்து பார்ப்போம் என்று கையை நீட்டினேன்.

“தொடாதடி பாப்பா!” என்று கத்திக்கொண்டே அப்பாயி என்னைப் பின்னால் இழுத்தார்கள். விறகடுப்பிலேயே சமைத்துப் பழகிய அவர்களுக்குக் குக்கர் என்றாலே பயம். அடுத்த நிமிடம் சேஃப்டி வால்வு விட்டுப்போய், கொதிக்கும் குழம்பு மேல்தளம் வரை பீறிட்டது. இறைவன் அருளால் யாருக்கும் காயமில்லை. மறுநாள் மூடியைக் கழுவியபோதுதான் காரணம் தெரிந்தது. வெயிட் உட்காரும் குழாயில் ஒரு கடலைத்தோல் அடைத்திருந்தது!

அந்தத் தோல்தான் என்னைக் குக்கரைப் பற்றிப் படிக்க வைத்தது. பிரான்சில் பிறந்த தெனி பாப்பின் என்ற அறிஞர், எலும்பையும் மென்மையாக்கும் நீராவிக் கலம் ஒன்றை 1679-இல் இலண்டனில் செய்து காட்டினார். நீராவி மிஞ்சினால் வெளியேற வால்வு ஒன்றையும் அவரே அமைத்தார். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுவாக்கில் குக்கர்கள் உற்பத்தியாகத் தொடங்கின.

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாது. காற்றழுத்தம் குறைந்த உதகையில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் இதற்கு நேர்மாறு. நீராவி அடைபடுவதால் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகி, தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடேறுகிறது. அதனால்தான் கடலை விரைவில் வேகிறது. அழுத்தம் இறங்குமுன் மூடியைத் திறந்தால், அவ்வளவு சூடான தண்ணீர் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு நம் தஞ்சை வயல்களில் தெளிக்கும் பச்சைப்பயறு, ஊறாமலே வெந்துவிடும். வடமாநிலங்களிலிருந்து வரும் கொண்டைக்கடலையோ கெட்டியானது. ஆகவே 200 கிராம் கறுப்புக் கடலையை எட்டு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். புளியைச் சேர்த்து வேகவைக்கக் கூடாது. கடலையின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் எளிதில் கரையாது. கடலை கல்லாகவே நிற்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீரும் அப்படியே.

மூடியின் குழாயை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, துளை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கடலையும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டுக் குக்கர் போன்றவற்றில், குழாய் வழியே நீராவி சீராக வந்த பிறகே வெயிட் போட வேண்டும். ஆவி வராவிட்டால் உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் வேகவிட்டு, அழுத்தம் தானாக அடங்கிய பின் திறக்கலாம்.

பிறகு வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்புடன் புளிக்கரைசலை ஊற்றுங்கள். பச்சை வாடை போனதும் வெந்த கடலையையும் அரைத்த தேங்காயையும் சேர்த்து ஒரு கொதி விட்டால், சுடுசோற்றுக்கு ஏற்ற குழம்பு தயார்.

அன்று என்னைக் காத்தது அப்பாயியின் பயம். இன்று காப்பது நான் கற்ற பாடம். தோழியரே, அடுப்பங்கரையில் அலட்சியமும் வேண்டாம், வீண் அச்சமும் வேண்டாம். காரணம் அறிந்து செய்வோம். அப்பாயி இன்னமும் குக்கர் பக்கம் வருவதில்லை. ஆனால் நான் அதை எடுக்கும்போதெல்லாம் திண்ணையிலிருந்து குரல் மட்டும் வரும்: “ஏண்டி பாப்பா, குழாயை ஊதிப் பார்த்தியா?”