கணினிக்கு நினைவகம் வாங்குமுன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

இணுவிலில் என் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துத் தட்டச்சு வேலை செய்கிறேன். விண்ணப்பங்கள், பாடக் குறிப்புகள் என்று பலதும் வரும். ஆனால் வீட்டில் உலை வைப்பது கல்வெட்டு வேலைதான். செத்தவீட்டார் 31ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைப் படங்களோடு பக்கம் அமைத்துக் கொடுப்பேன். கணவரை இழந்தபின் இரண்டு பிள்ளைகளையும் இதைக் கொண்டுதான் படிப்பித்தேன்.

கடந்த வருடம் ஒரு கல்வெட்டுக்கு நிறையப் படங்கள் வந்தன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் சுற்றிக் காவிக்கொண்டு போய்த் தப்பிய படங்கள். பத்தாவது படத்தோடு கணினி உறைந்துவிட்டது. இரண்டு தடவை செய்த வேலை அழிந்தது. 31க்கு ஆறு நாட்களே இருந்தன.

'றாம்' எனப்படும் நினைவகம் 4 ஜீ.பீ. மட்டுமே என்பதால்தான் இந்தச் சிக்கல் என்றார்கள். சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய் 8 ஜீ.பீ. ஒன்று கேட்டேன், தந்தார்கள். எந்த வகை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று பற்றுச்சீட்டிலேயே இருந்தது.

வீட்டில் பின்மூடியைக் கழற்றிப் பொருத்தினால் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அன்ரி, அழுத்தாதேங்கோ! வெட்டு வேறை இடத்திலை கிடக்கு" என்றாள். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கணினியும் போயிருக்கும்.

அவள் காட்டித்தந்தது இதுதான். நினைவகத்தில் தலைமுறைகள் உண்டு. டீ.டீ.ஆர்.3 2007 அளவிலும், டீ.டீ.ஆர்.4 2014 அளவிலும், டீ.டீ.ஆர்.5 2020க்குப் பின்னும் சந்தைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் விளிம்பு வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மடிக்கணினியில் முறையே 204, 260, 262 தொடுகம்பிகள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. என்னுடையது 3, நான் வாங்கியது 4.

இதைவிடப் பெரிய பொறி ஒன்றும் உண்டு. டீ.டீ.ஆர்.3இலேயே 1.5 வோல்ற்றில் இயங்குவதும், 'எல்' எழுத்தோடு 1.35 வோல்ற்றில் இயங்குவதும் உருவத்தில் ஒன்றே. 'எல்' கேட்கும் கணினியில் மற்றது நன்றாக உட்காரும், ஆனால் கணினி எழும்பாது. பழைய துண்டின் ஒட்டுச்சீட்டில் 'பீ.சீ.3.எல்' என்று இருந்தால் அதையே கேளுங்கள். வேகம் கூடியதை வாங்கிப் பயனில்லை. கணினி தனக்கு இயன்ற வேகத்திலேயே அதை ஓட்டும்.

ஆகவே கழற்றிய பழைய துண்டையே கடைக்குக் கொண்டு போங்கள். பிளவுசுக்கு அளவுச் சட்டை கொண்டு போவதில்லையா? கணினியின் மாதிரி இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், எவ்வளவு ஜீ.பீ. வரை ஏற்கும் என்பதை அதை வைத்தே அறியலாம். சில மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றவே முடியாது. 32 பிற் விண்டோஸ் உள்ள வீட்டுக் கணினி 4 ஜீ.பீ.க்கு மேல் பயன்படுத்தாது. கழற்றுமுன் மின்வயரையும் பற்றரியையும் அகற்றி, ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

அயலில் கடன் வாங்கிச் சரியான துண்டைப் போட்டேன். 30ஆம் நாள் விடிய கல்வெட்டு அச்சகத்துக்குப் போனது. பிழையாக வாங்கியது இன்னும் என் தையல் பெட்டிக்குள் கிடக்கிறது. டீ.டீ.ஆர்.4 கணினி வைத்திருப்பவர்கள் யாராவது அரை விலைக்கு எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.